அடியில் எந்தச் சுரம்?

புல்மோட்டைக் கடற்கரையில் மணல் கறுப்பு. திருகோணமலை மாவட்டத்தின் வடக்கு முனையில், கொக்கிளாய்க் கடல்நீரேரிக்குத் தெற்கே, அலை வந்து வடிந்த இடமெல்லாம் கரிய மினுக்கம் படிந்து கிடக்கும். இல்மனைற், ரூட்டைல், சிர்க்கோன் என்னும் கனிமங்கள் அவை. வெறும் மணலைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானவை. அலை திரும்பும்போது லேசானதை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமானது கரையிலேயே தங்கிவிடும். இதை அள்ளிப் பிரித்து விற்பதற்கென்றே 1957இல் அரசாங்கம் ஒரு கூட்டுத்தாபனம் தொடங்கியது. இன்றைய லங்கா மினரல் சாண்ட்ஸ் அதன் வழிவந்தது. இங்கிருந்து கப்பலேறும் மணல் பெயின்றின் வெண்மையாகிறது, குளியலறை ஓட்டின் பளபளப்பாகிறது.

இந்தக் கனிமங்களில் இருக்கும் தைத்தேனியத்துக்கும் சிர்க்கோனியத்துக்கும் இசையோடு ஓர் உறவு உண்டு. இரண்டையும் ஈயத்தோடு சேர்த்துச் சுட்டால் ஒருவகை வெண்பீங்கான் கிடைக்கும். 1950களில் கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் பீங்கானை அமுக்கினால் மின்னழுத்தம் பிறக்கும். விட்டால் எதிர்த்திசையில் பிறக்கும். வயர் செருகும் கிற்றார்கள் பலவற்றில், தந்திகள் படிந்திருக்கும் குதிரைக்கு அடியில் மெல்லிய பட்டையாக இது ஒளிந்திருக்கிறது. தந்தி அதிர, குதிரை பட்டையை அமுக்க, அமுக்கம் மின்சாரமாகி ஒலிபெருக்கிக்குப் போகிறது.

கிற்றாரில் ஆறு தந்தி. ஆனால் இந்தப் பட்டையிலிருந்து வெளியே வருவது ஒரே ஒரு மின்னழுத்தம், ஏறியிறங்கும் ஒரே ஒரு கோடு. ஆறு அதிர்வும் அதற்குள் கூட்டலாகக் கலந்துவிடுகின்றன. நம் செவிப்பறைக்கு வரும் காற்றழுத்தமும் அப்படித்தான்: எத்தனை வாத்தியம் ஒலித்தாலும் ஒரு கணத்தில் ஒரே ஓர் அழுத்தம். அந்த ஒற்றைக் கோட்டைக் கேட்டு, இதில் மூன்று சுரம் இருக்கிறது, இன்னது தலைமை, இன்னது துணை என்று காது பிரித்துச் சொல்கிறது. கிற்றார் பழகுகிறவர்கள் ‘கோட்ஸ்’ என்று சொல்லும் கூட்டுச்சுரங்களையும், அவற்றைத் தலைகீழாக்கும் ‘இன்வேர்ஷன்’ என்ற வித்தையையும் விளங்கிக்கொள்ள, அந்தக் கோட்டிலிருந்தே தொடங்குவது நல்லது.

நமக்குப் பழகிய சுரங்களிலேயே பார்ப்போம். ஒரு கட்டைச் சுருதியில் ச, அதற்கு மேல் அந்தர காந்தாரம், அதற்கு மேல் ப. மேற்கத்தியர் சி, ஈ, ஜி என்று சொல்லும் இந்த மூன்றையும் சேர்த்து ஒலித்தால் வருவதுதான் சி மேஜர், எவரும் முதலில் பழகும் கூட்டுச்சுரம். ஒரு கட்டையின் உண்மையான அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 262. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 240 என வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் க 300, ப 360. விகிதம் 4:5:6. இதைவிடச் சிறிய எண்களில் மூன்று வெவ்வேறு சுரங்களை ச முதல் ப வரையான தூரத்துக்குள் நெருக்கி அடுக்க முடியாது. அந்தக் கூட்டு இனிக்கிறது என்று உலகின் பல மூலைகளில் காதுகள் ஒப்புக்கொண்டதற்கு இந்தச் சின்ன எண்கள் ஒரு முக்கிய காரணம்.

மூன்று அதிர்வும் கூடி வரும் கோட்டை அலைவரைவியில் பார்த்தால், அது தாறுமாறாக ஓடாமல் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். எத்தனை தடவை? 240, 300, 360 மூன்றையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப்பெரிய எண் 60. ஆக, நொடிக்கு 60 தடவை. அந்த 60 எந்தச் சுரம்? 240இல் பாதி 120, அதில் பாதி 60. அதுவும் ச தான், இரண்டு ஸ்தாயி கீழே. யாரும் அதை மீட்டவில்லை. ஆனாலும் அலையின் வடிவத்திலேயே அது எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது ச-வை அடியிலிருந்து எடுத்து மேல் ஸ்தாயியில் வைப்போம். க 300, ப 360, மேல் ச 480. விகிதம் 5:6:8. இது முதல் திருப்பம். பொது வகுஎண் மறுபடி 60, அதாவது ச. இன்னொரு முறை திருப்பி க-வையும் மேலே தூக்கினால் ப 360, ச 480, க 600. விகிதம் 3:4:5, பொது வகுஎண் 120. இதுவும் ச. அடியில் க நின்றாலும் ப நின்றாலும் அலை திரும்பி வரும் இடம் ச-வின் வீடாகவே இருக்கிறது. மூன்று சுரங்களை எப்படிப் புரட்டிப் போட்டாலும் அதே கூட்டுச்சுரம்தான் என்று சங்கீதக்காரர்கள் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொதுக் காரணி என்று நாம் சலித்துக்கொண்டு படித்தது காதுக்குள் இப்படி ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்பு.

திருப்பினாலும் கூட்டு ஒன்றே என்பதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் பிரான்சு நாட்டு ஜான் பிலிப் ரமோ. கிளெர்மோன் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்துக்கொண்டிருந்தவர், 1722இல் பாரிஸில் தன் இசையியல் நூலை வெளியிட்டார். ஜெர்மனியில் சிலர் அதற்கு நூறு ஆண்டு முன்பே இந்த எண்ணத்தைத் தொட்டிருந்தார்கள், ஆனால் ஐரோப்பாவின் பாடமுறையை மாற்றியது ரமோவின் நூல்தான். அதுவரை வாத்தியக்காரர் முன்னால் அடிச்சுரம் மட்டும் எழுதிய தாளும், அதன் மேல் சில எண்களும் இருக்கும். 6 என்றிருந்தால் அடிச்சுரத்திலிருந்து எண்ணி மூன்றாவதையும் ஆறாவதையும் சேர். 6, 4 என்றிருந்தால் நான்காவதையும் ஆறாவதையும் சேர். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கூட்டாக மனப்பாடம் செய்தார்கள். இவையெல்லாம் ஒன்றின் மூன்று நிலைகள், உண்மையான தலைவன் அடியில் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கிறான் என்று ரமோ காட்டியபோது மனப்பாடச் சுமை பாதிக்கு மேல் இறங்கிப்போனது.

அப்படியானால் திருப்பத்தால் என்ன மாறுகிறது? கீபோர்ட் கிடைத்தால் மூன்றையும் அடுத்தடுத்து அழுத்திப் பாருங்கள். ச க ப உட்கார்ந்த நிலை. அதோடு பாட்டு முடியலாம். க ப ச சற்றே மெலிந்து, போகப் புறப்பட்டு நிற்கிறது. ப ச க இன்னும் வேறு. கம்பீரமாக இருக்கிறது, ஆனால் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்காமல் வைத்திருக்கிறது. மேற்கத்திய இசையில் ஒரு பெரிய பாடல் முடிவுக்கு வரும் நேரம் இந்த இரண்டாம் திருப்பத்தைத்தான் அடிக்கடி வைப்பார்கள், கேட்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த இறக்கத்துக்குக் காத்திருக்கட்டும் என்று.

காரணம், காதுக்கு இரண்டு அடித்தளம் தெரிகிறது. ஒன்று கணக்கில் வரும் மறைவான ச. மற்றது உண்மையில் ஒலிக்கும் மிகக் கீழான சுரம். மூல நிலையில் இரண்டும் ஒரே சுரம், அதனால் அமைதி. முதல் திருப்பத்தில் மறைவானது ச என்கிறது, ஒலிப்பது க என்கிறது. இரண்டாம் திருப்பத்தில் ச-வும் ப-வும். இந்தச் சிறு இழுபறிதான் திருப்பத்தின் சுவை முழுவதும். சுரங்களின் பட்டியல் மாறவில்லை. யார் அடியில் என்பது மட்டும் மாறியது, அதற்கே மனம் இத்தனை அசைகிறது.

மாலையில் அரிசிமலைக் கரைப்பக்கம் கிற்றாரோடு உட்காரும் இளைஞர்கள் இதைத் தெரியாமலே செய்வார்கள். திறந்த தந்தியில் பிடிக்கும் சி மேஜரில் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் கட்டில் இருக்கும் ச-தான் அடி. மேலே தடித்த ஆறாவது தந்தி சும்மா இருக்க வேண்டும். உற்சாகத்தில் ஆறையும் சேர்த்து இழுத்தால் அந்தத் தடித்த தந்தியின் ஈ, அதாவது க, எல்லாவற்றுக்கும் அடியில் வந்து உட்கார்ந்துவிடும். சுரம் ஒன்றும் பிழையில்லை, அந்தக் கூட்டிலேயே உள்ள சுரம்தான். ஆனால் வாசித்தது முதல் திருப்பம். டி மேஜரில் ஐந்தாம் தந்தி தவறிப் பட்டால் இரண்டாம் திருப்பம். “ஏதோ சரியாக உட்காரவில்லை” என்று பாடுகிறவர் முகம் சுளிப்பது இதனால்தான்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். மோகன ராகத்தின் ஐந்து சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு ரி-யை ஆதாரமாகக் கொண்டால் மத்தியமாவதி பிறக்கிறது. க-வை ஆதாரமாகக் கொண்டால் இந்தோளம். இதுவே கிரகபேதம். அதே சுரங்கள், தொடங்கும் இடம் மாறியதும் வேறு ராகம் ஆகிவிட்டன. கூட்டுச்சுரத்திலோ அதே மூன்று சுரம், தொடங்கும் இடம் மாறியும் வேறு ஆகவில்லை. ஏன் இந்த வேறுபாடு? ராகத்தில் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றை எதோடு ஒப்பிடுவது என்பதை ஆதாரசுருதி வெளியிலிருந்து கொடுக்க வேண்டும், அந்த ஆதாரத்தை நகர்த்தினால் எல்லாப் பெயரும் நகரும். கூட்டுச்சுரத்தில் மூன்றும் ஒரே நேரத்தில் ஒலிப்பதால், ஆதாரத்தை அவை தமக்குள்ளேயே சுமந்து வருகின்றன. தம்புரா இல்லாமலே ச எது என்று அவை சொல்லிவிடுகின்றன.

தம்புராவையே எடுத்துக்கொண்டால், ப, ச, ச, கீழ் ச என்று நான்கு தந்தி. காந்தாரத்துக்குத் தந்தியே இல்லை. ஆனாலும் நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவின் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தால் அந்தர காந்தாரம் மெல்ல எழுவது கேட்கும். வித்துவான்கள் இதைத் தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ஒரு தந்தி அதிரும்போது அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளும் கூடவே பிறக்கின்றன. ஐந்தாம் மடங்கு சரியாக இரண்டு ஸ்தாயி மேலே உள்ள அந்தர காந்தாரம். குதிரையில் செருகும் நூல் இந்த மேல் அதிர்வுகளைத் தூக்கிவிடுகிறது. ஆக 4:5:6 என்ற மேஜர் கூட்டு ஐரோப்பியர் வந்து கொடுத்த பொருளல்ல, ஒவ்வொரு நல்ல தந்திக்குள்ளும் உறங்கிக் கிடப்பது. அதைத் தனியே எடுத்து அடுக்கித் திருப்பும் பழக்கத்தைத்தான் அவர்கள் வளர்த்தார்கள்.

நம் பழைய இசையிலும் சுரங்களின் உறவை எண்ணி வைத்திருந்தார்கள். சிலப்பதிகாரத்தின் பழைய உரைமரபில், நின்ற நரம்பிலிருந்து ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை. இப்போது திருப்பத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள். ச-விலிருந்து ப ஐந்தாவது. ச-வை மேலே தூக்கி ப-விலிருந்து எண்ணினால் அந்த ச நான்காவது. கிளையைத் திருப்பினால் நட்பு. ச-விலிருந்து க மூன்றாவது, திருப்பினால் ஆறாவது. பகையைத் திருப்பினாலும் பகை. கூட்டினால் எப்போதும் ஒன்பது, ஏனென்றால் ஒரு சுரத்தை இரண்டு முறை எண்ணுகிறோம். அந்த உரைகாரர்கள் கூட்டுச்சுரம் பற்றிப் பேசவில்லை, அவர்களது இசை வேறு. ஆனால் திருப்பினால் ஒன்று மற்றதாகிவிடும் மூன்றாவதுக்கும் ஆறாவதுக்கும் ஒரே பெயரை வைத்திருப்பது அவர்கள் காது எவ்வளவு நுட்பமானது என்பதைக் காட்டுகிறது.

இனி, கை. திருப்பங்களை எவரும் முதலில் தேடுவது தத்துவத்துக்காக அல்ல, கைக்காக. திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டைக்கு வரும் பேருந்தில் ஒரு பைலாப் பாட்டாவது ஒலிக்காமல் இருப்பது அரிது. போர்த்துக்கேயரும் அவர்களோடு வந்த ஆபிரிக்கரும் விட்டுச்சென்ற கஃப்ரிஞ்ஞா ஆட்ட இசையிலிருந்து வளர்ந்தது பைலா. பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் அதைச் சிங்களப் பாட்டாக நாடெங்கும் கொண்டுபோனார். மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியர் திருமணங்களில் பழைய ஆட்டம் வயலினோடும் கிற்றாரோடும் தொடர்ந்தது. பிறகு 1970களை ஒட்டித் தமிழ்ப் பொப்பிசை வந்தது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன், எங்கள் திருகோணமலையின் பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள். இந்தப் பாட்டுகள் பலவற்றின் எலும்புக்கூடு இரண்டு அல்லது மூன்று கூட்டுச்சுரம்தான்: ச-வை மூலமாகக் கொண்டது, ம-வை மூலமாகக் கொண்டது, ப-வை மூலமாகக் கொண்டது.

இவற்றை மூல நிலையிலேயே கீபோர்டில் வாசித்தால் ச க ப, ம த ச, ப நி ரி என்று கை தாவ வேண்டும். ச-விலிருந்து ம-வுக்குப் போக ஒவ்வொரு விரலும் ஐந்து அரைச்சுரம் நகர்கிறது, மூன்று விரலுக்கும் பதினைந்து. ப-வுக்குப் போக இருபத்தொன்று. துள்ளும் பைலாத் தாளத்தில் இப்படித் தாவினால் கையும் களைக்கும், கேட்பவர் காதும் களைக்கும். திருப்பங்களைப் போடுங்கள். முதலில் ச க ப. அடுத்தது ச ம த: ச அசையவில்லை, க ஒரு அரைச்சுரம் ஏறி ம ஆனது, ப இரண்டு அரைச்சுரம் ஏறித் த ஆனது. மொத்தம் மூன்று. ச க ப-விலிருந்து ப-வின் கூட்டுக்குப் போக கீழ் நி, ரி, ப: ச ஒரு அரைச்சுரம் இறங்க, க இரண்டு இறங்க, ப அப்படியே. மறுபடி மூன்று. பதினைந்தும் இருபத்தொன்றும் மூன்றாகச் சுருங்கிவிட்டன. திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்காமலே பக்கத்து வீட்டாரோடு பேசுவதுபோல, கை ஓரிடத்தில் இருந்தபடியே மூன்று கூட்டையும் சொல்கிறது. ஒவ்வொரு விரலின் ஓட்டத்தையும் தனியே பாடிப் பார்த்தால், அது ஒரு சின்ன மெட்டாகவே இருக்கும். தேவாலயப் பாடகர் குழுவில் நடுக்குரல் பாடுகிறவர்களுக்குக் கிடைக்கும் மெட்டு இப்படிப் பிறந்ததுதான்.

அடிச்சுரத்துக்கும் இதே பயன் உண்டு. இளையராஜாவின் பாடல்களில் பாஸ் கிற்றாரை மட்டும் பின்தொடர்ந்து கேட்டால், அது கூட்டின் மூலசுரத்திலேயே நின்று முட்டிக்கொண்டிருக்காமல் படிப்படியாக நடந்து போவது தெரியும். அந்த நடையில் வழியில் வரும் பல படிகள் மேலே ஒலிக்கும் கூட்டை ஒரு திருப்பமாக மாற்றிக்கொண்டே போகின்றன.

ஆனால் தாழ்ந்த சுரங்களில் கூட்டுச்சுரத்தை நெருக்கி வைக்கக் கூடாது. நடு ஸ்தாயியில் ச 262, க 330 என்றால் இடைவெளி 68. இரண்டு ஸ்தாயி கீழே அதே இரண்டும் 65, 82. இடைவெளி வெறும் 17. இவ்வளவு அருகில் வரும் இரண்டு அதிர்வுகளை உட்செவியால் தெளிவாகப் பிரிக்க முடிவதில்லை. அவை ஒன்றோடொன்று உரசிக் கரகரக்கின்றன. நெதர்லாந்தின் பிளோம்ப், லெவெல்ட் இருவரும் 1965இல் இந்தக் கரகரப்பை அளந்து, அது செவியின் பகுப்புத் திறனைச் சார்ந்தது என்று காட்டினார்கள். அதனால்தான் தேர்ந்த கீபோர்ட்காரர் இடக்கையில் ஒற்றைச் சுரமோ எட்டுச்சுர இடைவெளியோ வைத்து, மூன்றையும் வலக்கையில் மேலே திருப்பிக்கொள்கிறார்.

கீபோர்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதில் ஸ்தாயி பன்னிரண்டு சம பாகமாக வெட்டப்பட்டிருப்பதால் க சரியாக 5/4 மடங்கில் விழுவதில்லை, சற்று ஏறி நிற்கிறது. ச-வின் ஐந்தாம் மடங்கும் க-வின் நான்காம் மடங்கும் சேர வேண்டிய இடத்தில் நொடிக்குப் பத்துத் தடவை துடிப்பு எழுகிறது. தம்புராவின் காந்தாரம் கேட்டுப் பழகிய காதுக்கு கீபோர்டின் மேஜர் கூட்டு கொஞ்சம் கூச்சமாக இருப்பது கற்பனையல்ல.

மேஜரில் இவ்வளவு அழகாக உட்கார்ந்த கணக்கு மைனரில் உட்காரவில்லை. அந்தர காந்தாரத்துக்குப் பதில் சாதாரண காந்தாரத்தை வைத்தால் 240, 288, 360. விகிதம் 10:12:15. பொது வகுஎண் 24. அதை இரட்டித்துக்கொண்டே மேலே வந்தால் 48, 96, 192, 384. ச வரவேயில்லை. 384 சுத்த தைவதம், கூட்டிலேயே இல்லாத சுரம்! ஆனாலும் மைனர் கூட்டைக் கேட்கும் எவரும் ச-வைத்தான் தலைவன் என்கிறார்கள். ச-வுக்கும் ப-வுக்கும் இடையில் உள்ள 2:3 உறவு அவ்வளவு வலியது. ரமோ இந்த இடத்தில் வாழ்நாள் முழுவதும் முட்டிக்கொண்டார். 1737இலும் 1750இலும் வெளியிட்ட நூல்களில் மைனருக்கு விளக்கத்தை மாற்றிமாற்றி எழுதினார். இயற்பியல் பாதி வழி கொண்டுபோய் விடுகிறது, மீதியைப் பழக்கமும் சூழலும் முடிவு செய்கின்றன என்றே இன்று பலரும் கருதுகிறார்கள், நானும்தான்.

நான்கு சுரமாகும்போது சூழலின் கை இன்னும் ஓங்குகிறது. ச க ப-வோடு மேலே ஒரு த சேருங்கள். பொப்பிசையில் முடிவுகளை இனிப்பாக்க வைக்கும் கூட்டு இது, சி சிக்ஸ் என்பார்கள். அதே நான்கையும் த-வை அடியில் வைத்துத் திருப்பினால் த ச க ப. இதற்குத் தனிப் பெயரும் தனித் தலைமையும் உண்டு: ஏ மைனர் செவன், சோகம் ஒட்டிய கூட்டு. ஒன்று மற்றதன் திருப்பம் என்று இரு பக்கமும் வாதிடலாம். வகுஎண் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல இங்கே முடியாது. மேடையில் கீபோர்ட்காரர் நான்கு விரலையும் அசைக்காமல் பிடித்திருக்கிறார். பாஸ் கிற்றார் வாசிப்பவர் ச-வில் நின்றால் கூட்டம் ஆடுகிறது; மூன்று கட்டு கீழிறங்கித் த-வில் நின்றால், அதே நான்கு சுரத்துக்குப் பாடகர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.